ஐந்து நாள் லீவு

அந்தோணிமுத்து முழங்காலைத் தரையில் ஊன்றி, வெங்காயச் சாக்குகளைக் கோணி ஊசியால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். கூடத்து மொசைக் தரை முக்கால்வாசி மூடியாகிவிட்டது. அடுப்படிக்குப் போகிற வழியும் பின்வாசலும்தான் பாக்கி. செபாஸ்தியம்மாள் அடுப்படி நிலையில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த முருங்கைக்கீரைக் கொத்து உருவப்படாமலே வாடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் கையில் ஊசியை அவள் பார்த்ததில்லை. சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊக்கைக் குத்திக்கொண்டு டூட்டிக்குப் போகிறவர்.

"தர வழுவழுன்னு இருக்குல்ல. மூணு காலை வச்சுக்கிட்டு நிக்க முடியாது. வழுக்கி விட்டுச்சுன்னா தையல் பிரிஞ்சிரும்னு டாக்டர் சொல்லிருக்காரு" என்றார், அவள் கேட்காமலே.

இதே மொசைக் தரையில், இரண்டு வருஷத்துக்கு முன்னால், வயிற்றில் பதினோரு தையலோடு சுவரைத் தடவித் தடவி அவள் நடந்திருக்கிறாள். அப்போது தரை இப்படியேதான் வழுவழுவென்று இருந்தது.

கூடத்து மூலையில் நாய் படுத்திருந்தது. இடது முன்னங்காலில் பெரிய கட்டு. கட்டைத் தாண்டி ஒரு வாடை வந்தது. போன வாரம் தெருமுனையில் தக்காளி ஏற்றி வந்த மினி லாரி அந்தக் காலின் மேல் ஏறிவிட்டது. எலும்பு நொறுங்கி, சீழ் பிடித்து, இனி காலைத் தோளோடு எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று நத்தம் ரோட்டு மிருக டாக்டர் செழியன் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை ஆப்பரேஷன். இன்றைக்குப் புதன்.

நாயின் பெயர் செம்பட்டி. அந்தோணிமுத்து திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் எப்படியோ ஏறிப் பின் சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு வந்துவிட்ட குட்டி இது. கடைசி டிரிப் முடிந்து டிக்கெட் பைக்குள் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தார். ஏறின ஊரே பேராகிவிட்டது. சாயங்காலம் அவர் வாசலில் நின்று "செம்பட்டி, செம்பட்டி" என்று கூப்பிட்டால், "அண்ணே, வத்தலக்குண்டு போகாதா?" என்று தெருவில் யாராவது கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு நாய் வந்த பிறகுதான் அந்த முகத்துக்கு வந்தது என்பது செபாஸ்தியம்மாளின் கணக்கு.

நாய் அவர் கையால் வைத்தால்தான் தின்னும். அவள் சோறு பிசைந்து வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு வாசலைப் பார்க்கும். அவர் வந்து தட்டை ஒரு விரலால் தொட்டுத் தள்ளி வைத்தால் போதும், அதே சோற்றை நக்கித் தீர்க்கும். ஆறு வருஷமாக இதுதான். ஆக்குகிறவள் ஒருத்தி, அன்பு இன்னொருவருக்கு. சின்ன விஷயம்தான். ஆனால் சின்னதாக இருக்கிறதனாலேயே வெளியே சொல்ல முடியாமல் உள்ளே தங்கிவிடுகிற விஷயங்கள் உண்டு.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துப் போயிருப்பாள். நேற்றுச் சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்ன வார்த்தைதான் பொறுக்கவில்லை.

"வெள்ளிக்கெழமையிலருந்து அஞ்சு நாளு லீவு எழுதிக் குடுத்துட்டேன்."

அஞ்சு நாள். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது அவர் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. பங்குனி மாசம், பழனிக்குக் கூட்டம், ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள், லீவு தரமாட்டார்கள் என்றார். கேட்டுப் பார்த்தாரா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவளுடைய தங்கச்சிதான் கூட இருந்தாள். அவர் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வருவார். கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். "சாப்டியா?" என்பார். சிறுமலை வாழைப்பழம் நாலும் பன்னு ஒரு பொட்டலமும் ஜன்னல் திண்டில் வைப்பார். பிறகு சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்ப்பார். பத்து நிமிஷத்தில் "வாரேன்" என்று போய்விடுவார். பக்கத்துக் கட்டிலில் குஜிலியம்பாறைக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் ஆடு மேய்க்கிறவன். அவன் நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே துண்டை விரித்துக் கிடந்தான். பஞ்சை நனைத்து அவள் உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தான். செபாஸ்தியம்மாள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கத் திரும்பிப் படுத்தால் தையல் இழுத்தது. அதனால் பார்த்துக்கொண்டேதான் கிடந்தாள்.

நாய் மேல் பொறாமை. நினைத்தால் அவளுக்கே கூசியது. தலையான பாவம் ஏழில் பொறாமையும் ஒன்று என்று சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் படித்தவள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் இதை எப்படிச் சொல்வது? அடுத்தவள் நகையைப் பார்த்து, அடுத்தவள் பிள்ளையைப் பார்த்து வந்த பொறாமை என்றால் சாமியாருக்குப் பழகியிருக்கும். 'சாமி, கால் எடுக்கப்போற ஒரு நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்' என்று சொன்னால், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் சிரிப்பை அடக்குவாரா, வருத்தப்படுவாரா?

"என்னக்கா, புது மாப்பிள வாராரா? சமுக்காளம் விரிச்சிருக்கு!" என்று கேட்டுக்கொண்டு அஜீஸுன்னிசா வாசலில் நின்றாள். அடுத்த வீடு. அவள் புருஷன் கிதர் முகம்மதுக்கு வெங்காய மண்டி. சாக்கு அங்கிருந்துதான் வந்தது. இன்னும் நாலு சாக்கு கையில் மடித்து வைத்திருந்தாள்.

"மாப்பிளதான். நான் மாமியா" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"பத்தலன்னா சொல்லி விடுங்கண்ணே, மண்டியில கெடக்கு. தண்ணியில அலசிப் போட்டேன், இருந்தாலும் வெங்காய வாட போகல." அஜீஸுன்னிசா நாய் இருக்கும் மூலையை எட்டிப் பார்த்தாள். தொடமாட்டாள், கிட்டே வரமாட்டாள். ஆனால் அந்த விபத்து நடந்த அன்று தெருவில் முதலில் கத்தினது அவள்தான். "பாவம், அது மூஞ்சியப் பாருங்க, நாளக்கழிச்சு நடக்கப்போறது தெரியாம கெடக்கு. அண்ணன் இருக்காருல்ல, ராசா மாதிரி பாத்துக்குவாரு. குடுத்து வச்ச நாயி."

குடுத்து வச்ச நாய். செபாஸ்தியம்மாள் கீரையை உருவ ஆரம்பித்தாள். இலையோடு காம்பும் சேர்ந்து வந்தது.

அன்று மத்தியானம் அவர் பின்வாசல் படிக்குப் பலகை அடித்தார். படி இறங்கத் தெரியாமல் நாய் தலைகுப்புற விழும், முன்னால் தாங்க ஒரு கால்தானே இருக்கும் என்று, பழைய கதவு ஒன்றைச் சரிவாக வைத்து அதன்மேல் சாக்கை ஆணி அடித்தார். தட்டைத் தரையில் வைத்தால் குனிய முடியாது என்று ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். நாயின் நெஞ்சு உயரத்தைக் கயிறு பிடித்து அளந்தார். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்ட வேண்டும் என்று துணி அலசுகிற நீல வாளியின் அடியை அறுத்தெடுத்தார். விளிம்பு கழுத்தை உறுத்தாமலிருக்க சைக்கிள் டியூபைக் கீறி ஓரத்தில் சுற்றினார்.

"எந்தச் சேலை ரொம்ப மெத்துனு இருக்கும்?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"வயித்துக்கடியில குடுத்துத் தாங்கிப் பிடிக்கணும்ல, மொத ரெண்டு நாளு. நடக்கும்போது."

அவள் பீரோவைத் திறந்து ஒரு பழைய நூல் சேலையை எடுத்துப் போட்டாள். முகத்தைக் காட்டாமல் எடுத்துப் போட்டாள்.

அதோடு போயிருந்தால்கூடச் சரி. சாயங்காலம் காபி குடித்துவிட்டு, அவர் தம்முடைய சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் எழுதி எழுதிப் பழகிய கை. எதையும் குறித்து வைத்தால்தான் அவருக்கு நடக்கும். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"செபா, ஒனக்கு ஆப்பரேஷன் பண்ணாங்கள்ல. முழிப்பு வந்தவொடன எப்புடி இருந்துச்சு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல, அது வாயில்லாச் சீவன். என்ன பண்ணுதுன்னு சொல்லத் தெரியாது. நீ பட்டவ. குளுருச்சா? தண்ணி தவிச்சுச்சா? எந்தப் பக்கம் படுத்தா தேவலன்னு இருந்துச்சு? எத்தன நாளு கழிச்சு நீயா எந்திரிச்ச?"

இரண்டு வருஷம். இந்தக் கேள்வியில் ஏதாவது ஒன்றை, எதையாவது ஒன்றை, இவர் கேட்பார் என்று அவள் எத்தனை நாள் காத்திருந்தாள். கட்டிலில் கிடந்தபோது காத்திருந்தாள். வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள், பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதென்று, குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் சின்ன சட்டியால் மொண்டு மொண்டு ஊற்றினபோது காத்திருந்தாள். பிறகு காத்திருக்கிறோம் என்பதே மறந்துபோனது. இப்போது கேட்கிறார், கையில் பென்சிலோடு, நாய்க்காக.

"குளுருச்சு" என்றாள்.

அவர் எழுதினார்.

"நாக்கு வறண்டுச்சு. ஒருக்களிச்சுப் படுக்க முடியாது. அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

மீதியை அவள் சொல்லவில்லை. இருமல் வந்தால் வயிற்றைத் தலையணையால் அமுக்கிக்கொள்ள வேண்டும் என்பதை, சிரித்தால் வலிக்கும் என்பதை, கழிப்பறைக்குப் போகும்போது தாங்கிப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் யாராவது நின்றால் போதும் என்றிருக்கும் என்பதை. அதெல்லாம் அவளுடையது. நாய்க்குக் கொடுப்பதாக இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அவள் முதல் பூசைக்குப் போய்விட்டு ஆறரை மணிக்குத் திரும்பினாள். அந்தோணிமுத்து குளித்து வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். டிப்போவில் ஒரு கையெழுத்து பாக்கியிருக்கிறது, போட்டுவிட்டு வரும்போதே ஆட்டோவைக் கூட்டி வந்துவிடுகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்.

"ஒண்ணும் குடுத்துராத. வெறும் வயித்தோட கொண்டாரச் சொல்லிருக்காரு."

"எனக்குத் தெரியாதா?"

அவள் பால் காய்ச்சினாள். பால் பொங்கும் வாசனை கூடத்துக்குப் போனது. நாய் தலையைத் தூக்கிற்று. எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு சாக்கின்மேல் நெஞ்சால் நகர்ந்து அடுப்படி வாசல் வரைக்கும் வந்துவிட்டது. குரைக்கவில்லை. மூக்கு வழியாக ஒரு மெல்லிய சத்தம். அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். ஆப்பரேஷன் அன்று முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி போட்டு, காலை எட்டு மணிக்கு என்று சொல்லி, பதினொன்றரை வரைக்கும் கூப்பிடாமல் வைத்திருந்தபோது, அவள் தொண்டையிலிருந்து அவளுக்கே தெரியாமல் வந்த சத்தம் அது.

'வாயை நனைச்சு விட்டா என்ன?' என்று நினைத்தாள். ஒரு துணியை நனைத்து வைத்திருந்தால் போதும். அவள் துணியை எடுக்கவில்லை. ரஸ்க்கு இரண்டைப் பாலில் ஊறப்போட்டாள். உட்கார்ந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். முகர்ந்து பார்த்துவிட்டு வாசலைப் பார்க்கும் என்றுதான் எதிர்பார்த்தாள். அது வாசலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு வெதுவெதுப்பான நாக்கால் அவள் கையிலிருந்ததை வாங்கித் தின்றது. ரேகை இடுக்கையெல்லாம் நக்கியது. மிச்சப் பாலையும் கிண்ணத்தில் ஊற்றினாள். குடித்துவிட்டு அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டது.

ஆறு வருஷத்தில் முதல் தடவை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்குள்ளே ஒரு வெற்றியும் இருந்தது. அவருக்குத் தெரியாமல், அவருக்குப் பங்கில்லாமல், இது என்னிடம் வாங்கித் தின்றது என்கிற வெற்றி. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டதும் கிண்ணத்தை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். கழுவும்போது கை வேகமாக ஓடியதை அவளே கவனித்தாள்.

நத்தம் ரோட்டில் டாக்டர் செழியனின் வீட்டு முன்னறைதான் ஆஸ்பத்திரி. தகர மேஜை, பச்சைத் துணி, வெந்நீரில் கொதிக்கும் கத்தரிக்கோல்கள். சின்ன வயசுதான் டாக்டருக்கு. நாயை மேஜையில் படுக்கவைத்துப் பின்னங்காலில் மயிரைச் சிரைத்துவிட்டு நரம்பைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"காலையில எதும் குடுத்தீங்களா?"

"ஒண்ணும் இல்ல சார். நேத்து ஏழரையோட சரி" என்றார் அந்தோணிமுத்து. நாயின் தலையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். உறுதியாகச் சொன்னார். வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்கிற உறுதி.

ஊசி மேலே எழும்பியது. நுனியில் ஒரு சொட்டு மருந்து திரண்டு நின்றது. செபாஸ்தியம்மாள் அந்தச் சொட்டையே பார்த்தாள். ரெண்டே ரெண்டு ரஸ்க்குதான். கிண்ணம் கழுவியாகிவிட்டது. யாருக்கும் தெரியாது. இப்போது சொன்னால் இவர் என்ன நினைப்பார் என்று அவளுக்குத் தெரியும். நாய் வந்த நாளிலிருந்து நான் முகத்தைச் சுளித்தது, முந்தாநாள் சேலையை எடுத்துப் போட்டவிதம், எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போடுவார். அது செத்தால் தேவலை என்று குடுத்தாள் என்பார். சொல்லாவிட்டால்? அவளுக்கு மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மா அன்றைக்கு மூன்று தடவை கேட்டாள், 'நெசமா ஒண்ணும் சாப்பிடலைல்ல?' என்று. சும்மா மூன்று தடவை கேட்பார்களா?

"சார், செத்த பொறுங்க."

டாக்டர் நிமிர்ந்தார்.

"நான் குடுத்தேன். பால். ரஸ்க்கு ரெண்டு ஊறப்போட்டு."

"எப்பம்மா?"

"பூசைக்குப் போயிட்டு வந்து. ஆறேமுக்கா இருக்கும்."

ஊசி கீழே இறங்கியது. டாக்டர் அதைத் தட்டில் வைத்துவிட்டு நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "நல்லவேளைக்குச் சொன்னீங்க. மயக்கத்துல வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள்ள போயிருந்தா மேஜையிலயே முடிஞ்சிருக்கும். இன்னைக்கு வேண்டாம். ஒரு நாள் தாங்கும், ஊசி போட்டுவிடுறேன். நாளைக்குக் காலையில கொண்டாங்க. பட்டினியா."

அந்தோணிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். நூறு தலைகள் அடைந்த பஸ்ஸில், டிக்கெட் எடுத்த முகத்தையும் எடுக்காத முகத்தையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுகிற கண் அது. அந்தக் கண் அவள் முகத்தில் எதையோ தேடியது. கண்டுபிடிக்கவில்லை. மறுபடி நாயின் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஆட்டோவில் நாயை நடுவில் வைத்து இருவரும் இரண்டு பக்கம் உட்கார்ந்தார்கள். "என்னண்ணே, வெட்டலயா? காலு அப்புடியே இருக்கு?" என்று ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். "நல்லதாப் போச்சு, கடவுள் இருக்காரு" என்று அவனாகவே சொல்லிக்கொண்டு ஓட்டினான்.

வீட்டுக்கு வந்து நாயை அதன் மூலையில் கிடத்திவிட்டு அந்தோணிமுத்து சாக்கின்மேலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. அவள் அடுப்படிக்குப் போனாள், வந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி வந்து நின்றாள்.

"வையிறதுன்னா வஞ்சிருங்க."

"எதுக்கு வைய?"

"நான் வேணும்னே குடுத்தேன்னு நெனைக்கிறீங்க."

அவர் தலையைத் தூக்கினார். "வேணும்னா குடுத்த?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவர் நம்பியும் விடுவார். ஆனால் இன்றைக்குக் காலைப் பூசையில்தான் நன்மை அப்பம் வாங்கிய நாக்கு.

"தெரியல" என்றாள். "பசிக்குதுன்னு கத்துச்சு. பாவமா இருந்துச்சு. அது நெசம். எங்கையில வாங்கித் தின்னுச்சா... ஆறு வருசமா ஒங்க கைதான அதுக்குக் கை. ஒரு தடவ எங்கைய நக்குச்சு. அத விட மனசு வரல. அதுவும் நெசம். வேற என்ன இருந்துச்சோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

அவளால் நிறுத்தவும் முடியவில்லை.

"எனக்கும் அன்னைக்குப் பசிச்சுச்சு. பதினொன்றர வரைக்கும். முந்தாநாளு கேட்டீங்கள்ல, எழுதிக்கிட்டீங்கள்ல, எப்புடி இருந்துச்சுன்னு. நாயிக்குக் கால் எடுக்கலன்னா அத நீங்க கேட்டிருப்பீங்களா?"

தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. அது போய் முடிகிற வரைக்கும் அவர் சாக்கில் பிரிந்திருந்த ஒரு நூலை இழுத்துக்கொண்டே இருந்தார்.

"பொம்பளைங்க வார்டு" என்றார் கடைசியில். "உள்ள வந்தா எங்க நிக்கிறதுன்னே தெரியல. எல்லாரும் பாக்குறாங்க. ஒன்னத் தொட்டா வலிக்குமான்னு தெரியல. என்ன கேக்குறதுன்னும் தெரியல. இங்க டாக்டர் இதச் செய்யி, அதச் செய்யின்னாரு, செஞ்சேன். ஒனக்கு என்ன செய்யணும்னு எங்கிட்ட யாரும் சொல்லல."

"கேக்கணும்."

"ம்."

"அந்த ஆடு மேய்க்கிறவனுக்கு யாரு சொன்னா?"

"கேட்டிருக்கணும்" என்றார். அதை அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, தம் கையைப் பார்த்துச் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லாத மனிதர்கள் சொல்வதைக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருக்கிறது. செபாஸ்தியம்மாள் கேட்டாள். கேட்டதும் மனம் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷப் புண் ஒரு வார்த்தையில் ஆறாது.

சாயங்காலம் நாலு மணிக்குத் தெருவே கலகலத்தது. குழாயில் தண்ணீர். அவள் குடத்தை எடுக்கத் திரும்பினபோது குடங்கள் இருந்த இடத்தில் இல்லை. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "என்னண்ணே, இதுக்கும் விசில் அடிப்பீங்களா?" என்று அஜீஸுன்னிசா கேட்கிறதும், எல்லோரும் சிரிக்கிறதும் கேட்டது. பதினெட்டுக் குடம். தூக்கிப் பழக்கமில்லாத தோள். ஒவ்வொரு குடத்திலும் கால் குடம் கூடத்தில் சிந்தியது. இரண்டு நாளாகத் தைத்த சாக்கு முழுக்க ஊறிப்போயிற்று. அவளுக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. இருவருமாகச் சாக்கைப் பிரித்து மொட்டைமாடியில் காயப்போட்டு, விளக்கு வைப்பதற்குள் மறுபடி விரித்தார்கள்.

மறுநாள் ஆப்பரேஷன் நடந்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு நாயைப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். தோளில் இருந்து மார்பு வரைக்கும் வெள்ளைக் கட்டு. கால் இருந்த பக்கம் தட்டையாக இருந்தது. பார்க்கப் பழகவேண்டிய தட்டை. மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. அந்தோணிமுத்து அதைக் கிடத்திவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் அதன் முகத்தருகே குனிந்து குனிந்து பார்த்தார். தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார்.

"சும்மா இருங்க" என்றாள் செபாஸ்தியம்மாள். "ஒண்ணும் செய்ய வேணாம். எந்திரிக்கப் பாக்கும், விழும். ஓடிப்போயித் தூக்காதீங்க. பக்கத்துல இருந்தாப் போதும். முழிக்கும்போது யாராவது இருக்காங்களான்னுதான் தேடும்."

அவர் அவளைப் பார்த்தார். நாய்க்கு இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே வந்த வெயில் சாக்கின் இழைகளில் மஞ்சளாக ஊர்ந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் நாய் தூக்கத்திலேயே அசைய ஆரம்பித்தது. முதலில் பின்னங்கால்கள் இரண்டும் மெல்ல உதைத்தன. பிறகு முன்னங்கால். பிறகு, அந்தக் கட்டுக்கு உள்ளே, கால் இல்லாத தோளும் அதே தாளத்தில் எழுந்து எழுந்து தாழ்ந்தது. வாயோரத்தில் சின்னதாக ஒரு குரைப்பு. ஏதோ ஒரு பஸ்ஸின் பின்னால் ஓடுகிறது போலிருந்தது.

"நாலு காலும் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு ஓடுது" என்றார் அந்தோணிமுத்து.

செபாஸ்தியம்மாளின் கை அவளை அறியாமல் அடிவயிற்றின்மேல் போய் நின்றது. மாதவிலக்கின் பழைய கெடு வருகிற நாட்களில், அங்கே எதுவும் இல்லாத இடத்தில், இன்றும் ஒரு வலி வந்து சொல்லிக்கொள்ளாமல் போகும். தங்கச்சியிடமும் சொன்னதில்லை, ஓட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்த மகளிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று விட்டுவிட்ட வலி.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். மறுபடி அந்தக் கையைப் பார்த்தார்.

"செபா" என்றார். "ஒனக்கும்...?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நாயின் ஓட்டம் வேகம் பிடித்தது. சாக்கில் நகங்கள் சரசரவென்று உரசின. அவள் மெல்ல விரலை உயர்த்தி அவரைப் பொறுக்கச் சொன்னாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, அது எங்கோ ஒரு ரோட்டில், நான்கு கால்களாலும், ஓடிக்கொண்டே இருந்தது.